என்ஏ மியாட்டா: நிற்காமல் ஏறி இறங்கும் இடது ஹெட்லைட் – மோட்டாரை மாற்றுவதா, திறந்து பார்ப்பதா?

சாலையோரம்
வணக்கம். 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா என்பதும் இதுதான், என்ஏ என்பது முதல் தலைமுறை), 1.6 இன்ஜின், இங்கிலாந்து வண்டி. அணைத்தால் முகப்புக்குள் படுத்துக்கொண்டு, போட்டால் மோட்டாரால் மேலே எழும் ஹெட்லைட் இதற்கு. ஹெட்லைட் போட்டால் வலது விளக்கு எழுந்து நின்றுவிடுகிறது. இடது எழுகிறது, நிற்காமல் இறங்குகிறது, திரும்பவும் எழுகிறது. ஐந்தாறு முறை இப்படி ஆடிவிட்டு எங்காவது நிற்கும். இன்ஜின் ஓடாதபோது பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. பானட்டுக்குள் இருக்கும் 30 ஆம்ப் ரிட்ராக்டர் ஃபியூஸ் (விளக்கை ஏற்றி இறக்கும் மோட்டார்களுக்கானது) நன்றாக இருக்கிறது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிவிடலாமா?

பதினாலு_ஸ்பேனர்
வாங்கிடுங்க தம்பி. முப்பது வருஷம் தாண்டின மோட்டார். உள்ளே கிரீஸ் காய்ஞ்சு தார் மாதிரி ஆகியிருக்கும். மோட்டாரையும் விளக்கையும் இணைக்கிற லிங்க் ராடை பால் ஜாயிண்ட்ல இருந்து நெம்பி எடுத்து, கனெக்டரைக் கழட்டி, போல்டை எடுத்தா கையோட வந்துடும். ஒரு மணி நேர வேலை. திறந்து சரி பண்றேன்னு உட்கார்ந்தா ஒரு நாள் போயிடும், உள்ளே இருக்கிற மெல்லிசு நாக்கு ஒடிஞ்சா அதோட முடிஞ்சது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. கையை உள்ளே விடறதுக்கு முன்னாடி அந்த 30 ஆம்ப் ஃபியூஸைப் பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்கங்க. தானா ஏறி இறங்கற விளக்குக்குள்ள விரலை விட்டா எலும்பு தாங்காது.

எர்த்வயர்
ஃபியூஸ் விஷயத்தில் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. அறிகுறியைக் கவனிக்காமலேயே பாகம் மாற்றச் சொல்கிறீர்கள்.

வலது பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸையும் டாஷ்போர்டு பட்டனையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். இடது மோட்டார் ஐந்தாறு சுற்று சுற்றுகிறது. அப்படியானால் காயிலும் கார்பன் பிரஷும் உயிரோடுதான் இருக்கின்றன. ஓடுவதில் அதற்குச் சிக்கல் இல்லை, நிற்பதில்தான் சிக்கல்.

இந்த வண்டியில் மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். அதன் கிராங்க் (மோட்டார் தண்டின் முனையில் இருக்கும் சின்னக் கை) அரைச் சுற்று போனால் விளக்கு மேலே, அடுத்த அரைச் சுற்றில் கீழே. எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டாருக்குள் இருக்கும் செம்புத் தடம் முடிவு செய்கிறது. சுழலும் தடத்தின் மேல் சின்ன உலோக நாக்குகள் உரசிக்கொண்டே போகும். தடத்தில் ஓர் இடைவெளி வரும்போது மின்சாரம் அறுந்து மோட்டார் நிற்கும். வைப்பர் தன் இடத்தில் வந்து படுப்பதும் இதே முறையில்தான். நாக்கு உரசி உரசிச் செம்புப் பொடி உதிரும். அது பழைய கிரீஸில் குழைந்து கறுப்புக் களிம்பாகி அந்த இடைவெளியை நிரப்பிவிடும். களிம்பு வழியே மின்சாரம் போகும், மோட்டார் நிற்காது. உங்கள் விளக்கின் ஆட்டத்துக்கு இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பாதியில் நிற்பது வேறு கதை. இன்ஜின் ஓடாதபோது மட்டும் அது நடக்கிறது என்றால் வோல்டேஜ் போதவில்லை. இந்த வண்டிக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது, விளக்கு மூக்கில். இடையில் எத்தனை இணைப்பு! முன்பக்க எர்த் போல்டில் துரு ஏறியிருந்தால் வேறு எந்த மோட்டாரை மாட்டினாலும் அதுவும் பாதியில்தான் நிற்கும்.

பதினாலு_ஸ்பேனர்
செம்புத் தடம் எங்கே இருக்கு? மோட்டாருக்குள்ளதானே? அப்போ நீங்களும் மோட்டார்தான் பழுதுங்கிறீங்க. நானும் அதைத்தான் சொன்னேன்.

எர்த்வயர்
கழற்றிய மோட்டாரும் அதே காலத்து வண்டியிலிருந்துதானே வருகிறது? அதற்குள்ளும் அதே தடம், அதே கிரீஸ். வாங்கினாலும் திறந்து துடைத்துத்தான் மாட்ட வேண்டும். துடைக்கத்தான் போகிறோம் என்றால் கையில் இருப்பதையே துடைக்கலாமே.

கிரீஸ்_டப்பா
ரெண்டு பேரும் கரண்டையே பேசறீங்க. கையால தூக்கிப் பார்த்தீங்களான்னு யாருமே கேட்கலை.

மோட்டார் மேல ரப்பர் மூடிக்குக் கீழ ஒரு திருகுக் குமிழ் இருக்கு. ஃபியூஸைப் பிடுங்கிட்டு அதைத் திருகினா விளக்கு மெல்ல எழும்பும். (1936 கோர்ட் 810-ங்கற பழைய அமெரிக்கக் கார்ல ஹெட்லைட்டை ஓட்டறவர் கையால சுத்தித்தான் எழுப்பணும். இந்தக் குமிழும் அதே வேலைதான்.) விளக்கு ஒரு தடவை முழுசா ஏறி இறங்கற வரைக்கும் திருகிக்கிட்டே இருங்க. எங்கேயாவது கை கனத்தா அந்த இடத்தைக் குறிச்சுக்கங்க. அடுத்து லிங்க் ராடைக் கழட்டிட்டு விளக்கை மட்டும் கையால தூக்குங்க. இப்பவும் அதே இடத்தில பிடிச்சா கீல்ல துரு, இல்லேன்னா விளக்கு மூடி பாடியில உரசுது. மூடி ஓரத்தில பெயின்ட் தேஞ்சிருக்கான்னு பாருங்க. விளக்கு லேசா வந்துட்டா பிடிப்பு மோட்டார்லயோ பால் ஜாயிண்ட் கிண்ணத்துலயோ இருக்கு.

பாதியில நிக்கறதுக்கு வோல்டேஜ்தான் காரணம்னு பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க? குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடற ஊர் வண்டி. கீல் இறுகினாலும் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்ல தப்பிச்சுக்கும், அணைஞ்சப்போ 12-ல திணறும். ரெண்டுக்கும் வெளியே தெரியற அறிகுறி ஒண்ணுதான்.

எர்த்வயர்
ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு வழி இருக்கிறது. டிசி கிளாம்ப் மீட்டரை (வயரை வெளியிலிருந்தே கவ்விக் கரண்டை அளப்பது) இடது மோட்டாரின் வயரில் மாட்டி ஆம்ப் பாருங்கள், பிறகு வலதில். இடது கூடுதலாக இழுத்தால் எங்கோ இறுக்கம். குறைவாக இழுத்து மெதுவாக நகர்ந்தால் வோல்டேஜ் வழியில் தொலைகிறது. வலது பக்கம் நன்றாக இருப்பதால் புத்தகத்தில் எண் தேட வேண்டியதில்லை, அதுவே உங்கள் அளவுகோல்.

பதினாலு_ஸ்பேனர்
கிளாம்ப் மீட்டர் எத்தனை பேர்கிட்ட இருக்கு? கனெக்டர்ல டெஸ்ட் லைட்டை வெச்சா எரியுதா இல்லையான்னு தெரிஞ்சுடும். மீட்டர்ல வெச்சாலும் 12.4 காட்டப்போகுது.

எர்த்வயர்
12.4 காட்டும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் துருப்பிடித்த இணைப்பிலும் முழு வோல்டேஜ் தெரியும். துருவில் 0.2 ஓம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 10 ஆம்ப் இழுத்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். டெஸ்ட் லைட்டில் 5 வாட் பல்பு இருந்தால் இழுப்பது அரை ஆம்புக்கும் குறைவு. 0.1 வோல்ட்கூட விழாது, பல்பு பளிச்சென்று எரியும்.

ஆகவே மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். நாலு மீட்டர் வயர் ஒன்றை டிக்கியில் பேட்டரி நெகட்டிவிலிருந்து முன்னால் கொண்டுவந்து மீட்டரின் கறுப்பு முனையில் இணையுங்கள். சிவப்பு முனையில் மெல்லிய ஊசி வைத்து, கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கமாக எர்த் வயரில் தொடுங்கள். விளக்கு நகரும்போது 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் பேட்டரி பாசிட்டிவிலிருந்து அளக்கலாம். அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்வேன். ஊசி வைக்கும் கையும் மீட்டர் வயரும் மூடிக்கும் பாடிக்கும் நடுவே போகவே கூடாது.

பதினாலு_ஸ்பேனர்
சரி, எர்த் கணக்கை ஏத்துக்கறேன். ஆனா விளக்கு நிக்காததுக்குக் களிம்புதான் காரணம்னு மோட்டாரைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிவு கட்டாதீங்க. மேலே போன்னு ஒரு வயர், கீழே போன்னு ஒரு வயர் மோட்டாருக்கு வருது. கனெக்டருக்குள்ள தண்ணி புகுந்து பச்சை பூத்திருந்தா ரெண்டு கட்டளையும் ஒண்ணாச் சேர்ந்துடும். அப்புறம் மேலே போனதும் கீழே போ, கீழே வந்ததும் மேலே போ. இதே ஆட்டம்தான்.

பிரிச்சுப் பார்க்கறது சுலபம். ரெண்டு பக்கக் கனெக்டரையும் கழட்டுங்க. விளக்கு சுவிட்சைப் போட்டு ஒவ்வொரு பின்லயும் என்ன காட்டுதுன்னு வலதுல எழுதுங்க, அப்புறம் இடதுல. சுவிட்சை அணைச்சுட்டு இன்னொரு தடவை. இடதும் வலதும் ஒத்துப்போனா வயரிங் மேல குத்தம் இல்லை, கோளாறு மோட்டாருக்குள்ள. ஒத்துப்போகலைன்னா எந்த மோட்டாரை மாத்தினாலும் பிரயோஜனம் கிடையாது.

எர்த்வயர்
இதை நான் யோசிக்கவில்லை, அண்ணா. மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

கிரீஸ்_டப்பா
வேற வண்டியில பார்த்ததை இதுக்குப் பொருத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை. போர்ஷே 944-ல ஒரே மோட்டார், குறுக்கே ஒரு தண்டு ரெண்டு விளக்கையும் சேர்த்துத் தூக்கும். அங்கே ஒரு பக்கம் மட்டும் படுத்துக்கிட்டா மின்சாரத்தைத் தேட வேண்டாம், தண்டையும் இணைப்பையும் பாருங்க. செவர்லே கார்வெட்டோட நாலாம் தலைமுறையான சி4-ல மோட்டாருக்குள்ள இருக்கிற மூணு நைலான் உருளை நொறுங்கித் தூளாகும். மோட்டார் உறுமும், விளக்கு அசையாது. மியாட்டாவுல பக்கத்துக்கு ஒரு மோட்டார், அதனால எது எங்கே கெட்டிருக்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியுது.

சாலையோரம்
எல்லோருக்கும் நன்றி. அளந்தவற்றை எழுதுகிறேன். குமிழைத் திருகினால் விளக்கு ஏறி இறங்கும்வரை ஒரே சீராக வருகிறது, லிங்க் இல்லாமலும் விளக்கு லேசாக எழுகிறது. கனெக்டர் பின்கள் இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. எர்த் பக்கம் ஓடும்போது இடதில் 0.9 வோல்ட், வலதில் 0.1. எர்த் போல்டைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்துப் பளபளக்கவிட்டு இறுக்கியபின் இடதும் 0.1. பாதியில் நிற்பது போய்விட்டது. ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எர்த்வயர்
அப்படியானால் தடம்தான். மோட்டாரைத் திறங்கள். முதலில் குமிழால் விளக்கை முழுக்க இறக்கி, கிராங்குக்கும் தண்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாமல் ஒரு பல் மாறி மாட்டினால் விளக்கு நிற்கும் உயரமே மாறிவிடும். கிராங்க் நட்டைத் தளர்த்தும்போது கிராங்கைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முழு விசையும் உள்ளே கியர் பல்லில் இறங்கும்.

மோட்டார் மூடியைத் திறந்ததும் பழைய கிரீஸை மரக்குச்சியால் வழித்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தடத்தின் இடைவெளியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் சுத்தமாகத் தெரியும்வரை எடுக்க வேண்டும். செம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும். எமரி தாள் போட்டால் கீறல் விழும், அடுத்த பொடி அந்தக் கீறலில்தான் சேரும்.

கிரீஸ்_டப்பா
கடைசியா டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) சிலிக்கான் கிரீஸ் பூசிடுங்க, தண்ணி அண்டாது.

எர்த்வயர்
கனெக்டருக்குப் பூசலாம், தடத்தில் வேண்டவே வேண்டாம். நாக்கு இடைவெளியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொறி பறக்கும். அந்தச் சூட்டில் சிலிக்கான் சிதைந்து மணல் போன்ற கடினப் படிவாகும். அது மின்சாரத்தையும் தடுக்கும், செம்பையும் அராவும். சுவிட்ச் தொடுமுனைகளுக்கென்று விற்கும் பெட்ரோலிய கிரீஸைத் துணியில் தொட்டு, பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்குத் தடவுங்கள். கியருக்கு லித்தியம் கிரீஸ் தனியாக வையுங்கள். அது தடத்தின் பக்கம் வழியக் கூடாது.

கிரீஸ்_டப்பா
பொறி பறக்கும்ங்கறதை விட்டுட்டேன். சரிதான், தடத்துக்கு அது வேண்டாம். ரப்பர் மூடி கிழிஞ்சிருந்தா அதை மட்டும் கண்டிப்பா மாத்துங்க. தண்ணி போறது அந்த வழியாத்தான்.

பதினாலு_ஸ்பேனர்
திறந்த பிறகு நாக்கு தாள் மாதிரி மெலிஞ்சு துளை விழுந்திருந்தாலோ, கியர்ல ஒரு பல் போயிருந்தாலோ, ரோட்டர் (மோட்டாருக்குள்ள சுத்தற பாகம்) துருப்பிடிச்சு ஒட்டியிருந்தாலோ துடைச்சுப் பிரயோஜனம் இல்லை. அப்போ அந்த மோட்டாரை வாங்குங்க. வாங்கறப்போ இடது பக்க மோட்டார்தானான்னு கேட்டு வாங்குங்க. விற்கிறவர் முன்னாடியே குமிழைத் திருகிப் பாருங்க, சரசரன்னு மணல் சத்தம் கேட்டா திருப்பிக் குடுத்துடுங்க.

அதுவரைக்கும் ராத்திரி வண்டி எடுக்கணும்னா, ஃபியூஸைப் பிடுங்கி ரெண்டு விளக்கையும் குமிழால மேலே ஏத்தி விட்டுடுங்க. பல்புக்கு ஃபியூஸ் வேற, அதனால வெளிச்சம் எப்பவும் போல வரும்.

சாலையோரம்
திறந்தாயிற்று. இடைவெளி முழுக்கக் கறுப்புக் களிம்பு, குச்சி நுனியில் செம்பு மின்னுகிறது. நாக்குகள் மூன்றும் தடிமனாகவே இருக்கின்றன. துடைத்து மாட்டிவிட்டு இருபது முறை போட்டு அணைத்தேன், இருபது முறையும் சரியாக நின்றது. சுவரில் பார்த்தால் இடது வெளிச்சம் வலதைவிட ஒரு விரல் கீழே விழுகிறது.

கிரீஸ்_டப்பா
பெயின்ட் கோடு நேரா இருந்தா கிராங்கைத் தொடாதீங்க. விளக்கு வளையத்தில ஏற்ற இறக்கத்துக்குன்னே திருகு இருக்கு. டயர் காத்தைச் சரி பார்த்து, வண்டியைச் சமதரையில நிறுத்தி, அதுல கால் கால் திருகா ஏத்துங்க.