டீரூம்ல கிடந்த பின்பால் மிஷின் வீட்டுக்கு வந்த கதை (நீங்களும் இப்படி எதையாவது இழுத்துட்டு வந்திருந்தா சொல்லுங்க)

வெஸ்ட்வில் நெல்லைக்காரன்:

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் நான் பண்ணின பைத்தியக்காரத்தனத்துலயே பெருசு இதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

போன வருஷம் சாட்ஸ்வொர்த்ல ஒரு வீட்டுக்கு செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனேன். கராஜ்ல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி நாலு கால் வச்ச ஒரு நீளப் பொட்டி, அது மேல பழைய மெத்தை, மெத்தை மேல காவடிக்கு வாங்கி வச்ச பித்தளைச் சொம்புங்க. மெத்தையைத் தூக்கிப் பாத்தா உள்ள கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழ ராஜா ராணி சீட்டுப் படம். பின்பால் மிஷின், அதாவது காசு போட்டு, கண்ணாடிக்குக் கீழ ஓடுற இரும்புப் பந்தை ஃப்ளிப்பர்ங்கிற சின்னக் கையால அடிச்சு ஸ்கோர் எடுக்குற ஆட்டப் பொட்டி. காட்லீப் கம்பெனியோட 'ராயல் ஃப்ளஷ்', 1976-ல அமெரிக்காவுல சிகாகோ பக்கம் செஞ்சது. போர்டு, சிப்பு ஒண்ணும் கிடையாது, மொத்தமும் ரிலே (காந்தம் இழுத்து வேலை செய்யுற சுவிட்ச்), மோட்டார், சுவிட்ச், வயர் தான். எங்க அப்பா மின்வாரியத்துல வேலை பாத்தவர், சின்ன வயசுலயே ரிலேவ பாத்து வளந்தவன் நான், கை சும்மா இருக்குமா. ஆறாயிரம் ராண்ட் குடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் பக்கியில ஏத்திட்டு வந்துட்டேன் (இங்க பிக்அப் வண்டிக்குப் பேரே பக்கி, ஊர்ல அம்மா திட்டுற பக்கி இல்ல. அன்னைக்கு வீட்டுல எனக்குக் கிடைச்சது அந்த ரெண்டாவது பக்கி). நூறு கிலோவுக்கு மேல வரும், மேல இருக்குற ஸ்கோர் பொட்டியைக் கழட்டி, காலைக் கழட்டி, நாலு பேர் தூக்கினோம்.

வித்தவர் ஒரு அங்கிள், அறுபது தாண்டினவர். அவங்க அப்பா முதல்ல கேட்டோ மேனர்ல இருந்தவராம், எந்த இனத்துக்காரன் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம் போட்டு அங்கேருந்து கிளப்பினப்புறம் சாட்ஸ்வொர்த்ல வந்து ஒரு டீரூம் (இங்க தெருமுனைக் கடைக்கு அதான் பேரு) போட்டிருக்காரு. ரொட்டி, பால், பேப்பர், சிகரெட், மூலையில இந்த மிஷின். "பீச்சுல பெரிய பெரிய கேம் கடை இருந்துச்சு தம்பி, ஆனா அதெல்லாம் லானி பசங்களுக்கு. எங்களுக்கு அப்பா கடை தான் பீச்சு"ன்னாரு. இங்க லானின்னா வெள்ளைக்காரன், பெரிய மனுஷன், முதலாளி, எல்லாம் அதே வார்த்தை தான். பீச்சு மாதிரி பொது இடத்தையும் இனவாரியாப் பிரிச்சு வச்ச இன்னொரு சட்டம் போனதே 1990-ல தான், அதுக்குள்ள இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவர் தமிழ் ஆயாகிட்ட கேட்டுக் கத்துக்கிட்ட தமிழ், பாதி இங்கிலீஷ் கலந்து வரும், ஆனா அந்தத் 'தம்பி' மட்டும் சுத்தமா வரும்.

சரி மிஷினுக்கு வரேன். வீட்டுக்கு வந்ததும் ஆர்வக்கோளாறுல ப்ளக் சொருகிடாதீங்க, இது தான் நான் சொல்லப் போறதுலயே முக்கியம். இதுல வந்தது ரெண்டு கம்பி வயர், எர்த்தே இல்ல, கோயின் கதவு, பக்கத்துல போற தகடு, கால் எல்லாம் இரும்பு, எங்கயாவது உள்ள ஒரு கம்பி உரசினா விளையாடுறவன் காலி. முதல் வேலையா மூணு கம்பி வயர் மாத்தி எர்த்தை கதவுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தகடுக்கும் போட்டேன். அடுத்து ஃப்யூஸ். ஃப்யூஸ் இருக்க வேண்டிய எடத்துல சிகரெட் பாக்கெட் வெள்ளிப் பேப்பரை உருட்டி வச்சிருந்தாங்க!! மரப்பொட்டி, உள்ள அம்பது வருஷத் தூசி, பல்லி முட்டை ஓடு, அதுக்கு நடுவுல வெள்ளிப் பேப்பர். அந்த டீரூம் எரியாம இருந்தது மாரியம்மன் புண்ணியம்.

பொட்டி அடியில அஞ்சு சென்ட் காசு பதினொண்ணு கெடந்துச்சு, கொக்குப் படம் போட்ட பழைய காசு. அதை அங்கிளுக்கே குடுத்துட்டேன்.

அப்புறம் பாருங்க, ஒவ்வொரு கோளாறா தோண்டத் தோண்ட எனக்குப் புரிஞ்சது, மிஷின் தானா கெட்டது கொஞ்சம், கை வச்சுக் கெடுத்தது தான் நெறைய. நானும் அதுல ஒருத்தன், மறைக்க மாட்டேன். ஸ்டெப்பர்னு ஒண்ணு இருக்கு, எத்தனாவது பால், யாரோட ஆட்டம்னு எண்ணிக்கிட்டே ஒவ்வொரு பல்லா நகருற வட்டத் தகடு. அதுல போட்ட பழைய கிரீஸ் காஞ்சு கருப்பட்டிப் பாகு மாதிரி பிடிச்சுக்கிட்டு நகரவே இல்ல. நான் என்ன பண்ணினேன், வீட்டுல இருந்த ஸ்ப்ரே எண்ணெய்யை எடுத்து புஸ்ஸுனு அடிச்சேன். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாம் நாள் முன்னவிட மோசம், தூசியெல்லாம் அதுல ஒட்டிப் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அந்த எண்ணெய் தீ வேற பிடிக்கும், சுவிட்ச்ல பொறி வர்ற எடத்துல அதை அடிக்கிறது எவ்வளவு முட்டாள்தனம்னு பிறகு தான் உறைச்சுது. எல்லாத்தையும் கழட்டி, ஆல்கஹால் வச்சுத் தொடைச்சு, காய வச்சு, எண்ணெயே போடாம மாட்டினேன். காயிலுக்குள்ள (கரண்ட் போனா காந்தமாகுற கம்பிச் சுத்து) போயிட்டு வர்ற இரும்புத் தண்டுக்கும் அதே தான், காஞ்சே ஓடணும், வழுக்கட்டும்னு எதையும் தடவக் கூடாது.

இடது ஃப்ளிப்பர் சொங்கியா அடிச்சுது. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ஃப்ளிப்பர் காயில்ல ரெண்டு சுத்து இருக்கு, தடிச்ச கம்பி பந்தை ஓங்கி அடிக்க, மெல்லிசுக் கம்பி நாம பட்டனை அமுக்கியே பிடிச்சிருந்தா தாங்கி நிக்க. ஃப்ளிப்பர் மேல ஏறி முடிக்கிற எடத்துல ஒரு சின்ன சுவிட்ச் தொறந்தாத் தான் மெல்லிசுக் கம்பியும் சேரும், கரண்ட் குறையும். அது தொறக்கலன்னா முழு கரண்டும் தடிச்ச சுத்துலயே ஓடி காயில் கருகிடும், அதுவே மூடி இருக்கும்போது சரியாத் தொடலன்னா அடியில தெம்பு இருக்காது. என்னோடது ரெண்டாவது கேஸ், தொடுற எடம் கரி பிடிச்சிருந்துச்சு, சின்ன அரத்தை வச்சு நாலு இழுப்பு, அவ்வளவு தான். புதுக் காயிலுக்கு அமெரிக்காவுக்கு ஆர்டர் போட்டுட்டு அப்புறம் கேன்சல் பண்ணினவன் நான்.

ஆனா என்னைத் தூங்க விடாதது ஸ்கோர் ரீல், அதாவது ஸ்கோர் காட்டுற நம்பர் போட்ட உருளை. புது ஆட்டம் ஸ்டார்ட் பண்ணினா கீழ இருக்குற மோட்டார் சுத்தி, நாலு பேரோட ரீலையும் ஒவ்வொண்ணா தள்ளி பூஜ்யத்துக்குக் கொண்டு வரும். எல்லா ரீலும் பூஜ்யம் வந்தாத் தான் மோட்டார் நிக்கும், பந்து வெளிய வரும். எனக்கு நிக்கவே இல்ல. கடகடகடகடன்னு அரிசி மில் மாதிரி. மனைவி கதவைச் சாத்திட்டு "அதை நிறுத்துறீங்களா இல்ல நான் கெளம்பட்டுமா"ன்னா. பாத்தா மூணாவது ஆளோட ஒரு ரீல் பூஜ்யம் காட்டுது, ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற சுவிட்சோட இலை (மெல்லிசுத் தகடு) ஒரு மயிரிழை வளைஞ்சு, தொறக்க வேண்டியது தொறக்கல. அந்த ஒரு இலைக்காக அஞ்சு ராத்திரி. நடுவுல ரெண்டு தடவை லோட்ஷெடிங் (பவர் கட்) வேற, டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு.

ஆடுகளத்தைத் தொடைச்சது, ரப்பர் மாத்தினது, மெழுகு போட்டது எல்லாம் சாதாரண வேலை, ஒண்ணே ஒண்ணு, பழைய பந்தைத் திரும்பப் போடாதீங்க, துரு ஏறின பந்து உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்ச்சிடும். டர்பன் ஈரக் காத்துல எந்த இரும்பும் தப்பாது.

இப்ப எல்லாம் ஓடுது, மணி டிங் டிங்னு அடிக்குது. அங்கிள் ஞாயித்துக்கிழமை ஆனா பீன்ஸ் பன்னி சௌவோட (ரொட்டியைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தினது) வந்துடுவாரு, வந்து இடுப்பால பொட்டியை லேசா ஒரு தட்டு தட்டி ஆடுவாரு பாருங்க, டில்ட் ஆகாது (ரொம்ப ஆட்டினா மிஷின் ஆட்டத்தை நிறுத்துறது தான் டில்ட்), பந்து மட்டும் திரும்பும். அந்த வித்தை எனக்கு வரல. ஒரே குறை, ஸ்கோர் கார்டுல போட்டிருக்குற அளவைத் தாண்டினா ஃப்ரீ கேம் குடுத்து 'டொக்'குனு ஒரு அடி அடிக்கணும். அடிக்கல. அங்கிள்கிட்ட கேட்டா, "அது குடுக்காது தம்பி. நான் பையனா இருந்தப்பவும் குடுத்ததில்ல"ன்னாரு. யாருக்காவது இதைப் பத்தித் தெரியுமா?

லெனேசியா எலக்ட்ரிக்கல்:

அண்ணே, உங்களோடது ரிலே மிஷின், குடுத்து வச்சவர். என்கிட்ட இருக்குறது அடுத்த தலைமுறை, பாலி கம்பெனி, போர்டு வச்சது. அந்த போர்டுல மெமரிக்காக ஒரு ரீசார்ஜ் பேட்டரி ஒட்டியிருப்பாங்க, அது ஒழுகி பச்சையும் வெள்ளையுமா பூத்து போர்டுல கரண்ட் போற செம்புக் கோடுகளையே தின்னுட்டுது. வினிகர் தடவி, தண்ணியில கழுவி, ஆல்கஹால்ல காய வச்சு, அறுந்த கோடுகளையெல்லாம் வயர் போட்டுச் சேத்தேன். ஆன் பண்ணினா ஒரு சின்ன லைட் ஏழு தடவை மினுக்கணும், ஏழும் வந்தா போர்டு நல்லாருக்குன்னு அர்த்தம். எனக்கு ஆறு வருது. ஆறு மாசமா ஆறே வருது.

உங்க கேள்விக்கு: ஃப்ரீ கேம் ரிலேவைக் கண்டுபிடிச்சு விரலால அமுக்கிப் பாருங்க. அப்பவும் டொக் வரலன்னா காயில்லயோ அந்த ரிலேவோட சுவிட்ச்லயோ தான் கோளாறு.

மாரிட்ஸ்பர்க் அக்கா:

நான் ஒரு பாவம் பண்ணியிருக்கேன், யாரும் திட்டாதீங்க. எங்க வீட்டுக்காரரோட மிஷினை அவர் ஊருக்குப் போயிருந்தப்ப சர்ப்ரைஸா சுத்தம் பண்ணலாம்னு மேல இருக்குற படக் கண்ணாடியைக் கழட்டி ரெண்டு பக்கமும் ஈரத்துணியால தொடைச்சேன். பின்பக்கம் தான் பெயிண்ட்னு எனக்குத் தெரியுமா? படத்துல இருந்த அம்மணி முகம் பாதி துணியோட வந்துடுச்சு. வந்து பாத்துட்டு ஒண்ணுமே பேசல, டீ போடச் சொன்னாரு. திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல. இப்ப அந்த எடத்துல பின்னாடி லைட் மட்டும் வெள்ளையா தெரியுது, வர்றவங்கள்லாம் கேக்குறாங்க. உதிர ஆரம்பிச்ச கண்ணாடின்னா பின்பக்கம் கையே வைக்காதீங்க, பல்பையும் சூடு கம்மியான நாப்பத்தேழாம் நம்பருக்கு மாத்திடுங்க, பழைய நாப்பத்திநாலு பல்பு சூட்டுலயே பெயிண்டைக் கெடுத்திடும்.

டோங்காட் பழசு:

ஃப்ரீ கேம் விஷயம் கோளாறா இல்லாமலும் இருக்கலாம். ஃப்ரீ கேமே சூதாட்டப் பரிசு தான்னு சண்டை போட்ட ஊருங்க உண்டு. நியூயார்க்ல 1942-ல இருந்து 1976 வரைக்கும் பின்பாலுக்கே தடை. அதனால தான் காட்லீப் 1960-ல ஃப்ரீ கேமுக்குப் பதிலா கூட ஒரு பந்து குடுக்குற மிஷினே கொண்டு வந்தாங்க. எதுக்கும் உள்ள யாராவது எதையாவது வேணும்னே செஞ்சு வச்சிருக்காங்களான்னு பாருங்க. டீரூம் வச்சிருந்த குடும்பத்துல வந்தவன் நான், சொல்றேன் :)

வெஸ்ட்வில் நெல்லைக்காரன்:

டோங்காட்காரரே, நீங்க மந்திரவாதி.

லெனேசியா தம்பி சொன்ன மாதிரி ரிலேவ அமுக்கினேன், டொக் வரல. காயில் நல்லாருக்கு, மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். அப்புறம் லென்ஸ் வச்சு ஒவ்வொரு சுவிட்சா பாத்தா, ரெண்டு இலைக்கு நடுவுல பழுப்பா ஒரு துண்டு. சுவிட்ச் இலைங்களுக்கு இடையில கம்பெனியே பழுப்பு அட்டை வச்சிருப்பான் இல்லையா, அதுன்னு நெனச்சு இத்தனை மாசம் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். ட்வீசரால இழுத்தேன். லயன் தீப்பெட்டி அட்டை. அளவா, மூலையெல்லாம் மழுக்கி, அழகா வெட்டினது.

ஞாயித்துக்கிழமை அங்கிள் வந்ததும் உள்ளங்கையில வச்சுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "அப்பா"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்ல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவரும் அவர் தம்பியும் ஸ்கூல் பஸ் காசை இதுல போட்டுட்டு மலை ஏறி நடந்தே போவாங்களாம், தம்பி ஒரு நாள் கார்டுல இருந்த அளவைத் தாண்டிட்டான், ஒண்ணும் வரல, மிஷினை உதைச்சான், அதுக்கு அப்பா பெல்ட்டை எடுத்தாராம். "அவரே அட்டையை வச்சிட்டு அவரே அடிச்சிருக்காரு பாரு."

அன்னைக்கு பன்னி சௌ ஆறிப் போச்சு. பதினாலு ஆட்டம் ஆடினாரு. பதினஞ்சாவதுல சீட்டுப் படம் போட்ட தகடெல்லாம் ஒண்ணொண்ணா சாஞ்சு, மணி நிக்காம அடிச்சு, திடீர்னு டொக்! நான் சத்தியமா துப்பாக்கின்னு நெனச்சேன், மனைவி சமையல்கட்டுல இருந்து ஓடி வந்துட்டா. அங்கிள் பட்டன்ல இருந்து கையை எடுத்துட்டாரு, பந்து அது பாட்டுக்கு நடுவுல கீழ போயிடுச்சு, அவர் அதைப் பாக்கக் கூட இல்ல.

தம்பி இப்ப ஆஸ்திரேலியாவுல இருக்காரு. அடுத்த ஆட்டத்துல என்னை ரிலேவ அமுக்கச் சொல்லி அந்தச் சத்தத்தை போன்ல ரெகார்ட் பண்ணி, தீப்பெட்டி அட்டை போட்டோவோட அனுப்பினாரு. அங்க நடுராத்திரி இருக்கும். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு: "என் காசு எங்க?"

விலைக்குத் தருவீங்களான்னு தனியா கேட்டவங்களுக்கு, இல்லைங்க. ஃப்ரிட்ஜ் தான் இன்னும் வாங்கல, யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.