மில்லரின் 1843 எவ்வாறு 1844 அக்டோபர் 22 ஆயிற்று?

வேதவாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எழுந்த அட்வென்டிஸ்ட் இயக்கத்தின் வரலாற்றைப் படித்து வருகிறேன். நியூயார்க் மாநிலத்து விவசாயியான வில்லியம் மில்லர், தானியேல் 8:14இல் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் வரை என்று வரும் 2300 இராப்பகலை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை ஏறத்தாழ 1843இல் நிகழும் என்று 1831 முதல் பிரசங்கித்தார் என்பதும், 1844 அக்டோபர் 22ஆம் நாள் வெறுமனே கடந்துபோனபோது அவரைப் பின்பற்றியோர் மனமுடைந்து போனார்கள் என்பதும் பலரும் அறிந்தவை. எனக்கு விளங்காதது இடைப்பட்ட பகுதியே. முதல் கெடு பொய்த்த பிறகு அதைச் சமாளிக்க ஓராண்டைக் கூட்டிக்கொண்டார்கள் என்று சில நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இயக்கத்துக்குள்ளேயே இந்தக் கணக்கைப் பற்றி உண்மையான விவாதம் ஏதும் நடந்ததா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காலக்கணக்கர் எழுதியது:

நடந்தது, அம்மா. அதுவும் கெடு முடிவதற்கு முன்பே நடந்தது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சமாளிப்பு என்ற விளக்கம் அந்த மனிதர்களின் உழைப்புக்கு நியாயம் செய்வதில்லை என்று நான் கருதுவதுதான்.

மில்லரின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகிய வசனங்களைக் கொண்டு தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டைக் குறிக்கும் என்று கொண்டார். தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களும் 2300 நாட்களும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்று கொண்டார். எஸ்றா 7இல் சொல்லப்படும் அர்தசஷ்டா மன்னனின் ஏழாம் ஆண்டை, அதாவது கி.மு. 457ஐ, அந்தத் தொடக்கமாக வைத்தார். 2300இல் 457ஐக் கழித்தால் 1843 வருகிறது. யூத ஆண்டு வசந்தத்தில் தொடங்குவதால், 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடையே வருகை நிகழும் என்று 1843இன் தொடக்கத்தில் எல்லை வகுத்தார். நாள் குறிப்பதை அவர் விரும்பவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், கி.மு. 1ஐ அடுத்து நேராகக் கி.பி. 1 வருகிறது, இடையில் சுழிய ஆண்டு கிடையாது. ஆகவே 2300 முழு ஆண்டுகள் தேவையென்றால் கி.மு. 457இன் முதல் நாளிலிருந்து கி.பி. 1843இன் கடைசி நாள் வரை எண்ண வேண்டும். தொடக்கம் 457இன் நடுவில் எங்கேனும் இருந்தால், முடிவும் அதே அளவுக்கு 1844க்குள் நகரும். அப்படியானால் 457இல் எந்த மாதம் என்பதே கேள்வியாகிவிடுகிறது. எஸ்றா 7:9இன்படி அவர் முதலாம் மாதத்தில் பாபிலோனிலிருந்து புறப்பட்டு ஐந்தாம் மாதத்தில் எருசலேம் வந்து சேர்ந்தார். கட்டளை எருசலேமில் நடைமுறைக்கு வந்த காலத்திலிருந்து எண்ணினால் தொடக்கம் இலையுதிர்காலத்துக்குப் போகிறது. முடிவு 1844இன் இலையுதிர்காலம் ஆகிறது.

மில்லரின் இயக்கத்துப் பிரசங்கியான சாமுவேல் ஸ்நோ இந்த வாதத்தை வளர்த்தெடுத்தார். எழுபதாம் வாரத்தின் முடிவில், கி.பி. 33இல், சிலுவை மரணம் நிகழ்ந்தது என்பது மில்லரின் கணக்கு. ஸ்நோ அதை அந்த வாரத்தின் நடுவில், கி.பி. 31இன் வசந்தத்தில் வைத்தார். கி.மு. 457 இலையுதிர்காலத்திலிருந்து 69 வாரங்களுக்குரிய 483 ஆண்டுகள் சென்றால் கி.பி. 27 இலையுதிர்காலம், மூன்றரை ஆண்டுகள் கூட்டினால் 31இன் வசந்தம், அதாவது பஸ்கா காலம், மேலும் மூன்றரை ஆண்டுகளில் 34இன் இலையுதிர்காலத்தில் எழுபது வாரங்கள் நிறைவடைகின்றன. 2300இல் எழுபது வாரங்களுக்குரிய 490 போக எஞ்சிய 1810 ஆண்டுகளைக் கூட்டினால் 1844இன் இலையுதிர்காலம் கிடைக்கும். ஸ்நோவின் இந்தக் கருத்து 1844 பிப்ரவரியிலேயே இயக்கத்தின் நியூயார்க் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. மார்ச் 21 அப்போது இன்னும் வரவில்லை.

மறுவாசிப்பு எழுதியது:

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாதம் முன்பே இருந்தது என்பது உண்மை. இயக்கம் அதைக் கையில் எடுத்தது வசந்தம் பொய்த்த பிறகுதான் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டரில் நடந்த முகாம் கூட்டத்தில் ஸ்நோ பேசியபின்தான் அக்டோபர் 22 காட்டுத்தீயாகப் பரவியது. மில்லர் அந்த நாளை ஏற்றுக்கொண்டதோ அக்டோபர் மாதத் தொடக்கத்தில், கெடுவுக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தபோது.

மேலும், மில்லரின் அட்டவணையில் 2300 மட்டும் இல்லை. கி.மு. 677இலிருந்து 2520 ஆண்டுகள், கி.பி. 508இலிருந்து 1335 ஆண்டுகள் என்று வேறு கோடுகளும் 1843இல் வந்து கூடின. அந்தக் கூடுகைதான் கேட்டவர்களை வியக்க வைத்தது. சுழிய ஆண்டுத் திருத்தம் கி.மு.வில் தொடங்கும் கோடுகளை நகர்த்தும். 508இல் தொடங்கும் கோட்டை அது தொடவே முடியாது. ஒன்றைச் சரிசெய்தபோது மற்றொன்றின் பொருத்தம் தளர்ந்தது என்பதை யாரும் போதிய அளவுக்குப் பேசுவதில்லை.

அக்காலத்து எதிர்ப்பாளர்களையும் சேர்த்துப் படியுங்கள். ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் மோசஸ் ஸ்டுவர்ட், நாளை ஆண்டாகக் கொள்ளும் விதியையே மறுத்தார். சிரிய மன்னன் அந்தியோகஸ் எப்பிபானெஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதையும், அவனை எதிர்த்துக் கிளர்ந்த யூதர்களான மக்கபேயர் காலத்தில் அது மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டதையும் பற்றிய செய்தியாகவே தானியேல் 8ஆம் அதிகாரத்தை வாசித்தார். பாப்டிஸ்ட் போதகரான ஜான் டௌலிங், 2300 என்பது மாலைப் பலிகளையும் காலைப் பலிகளையும் தனித்தனியே எண்ணிய தொகை என்றும், நாட்கள் 1150 மட்டுமே என்றும் வாதிட்டார். இவர்களுக்கு நடுவே எபிரேயப் பேராசிரியர் ஜார்ஜ் புஷ் தனித்து நின்றார். மில்லரின் காலக்கணக்கில் பெரிய குறையில்லை, அந்தக் காலத்தில் என்ன நிகழும் என்பதில்தான் அவர் தவறுகிறார் என்று மில்லருக்கே எழுதினார். இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் குரல் அவருடையதே.

வேதவாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி, ஐயா. இலையுதிர்காலம் புரிகிறது. ஆனால் ஸ்நோ குறித்த நாளுக்கு யூதரின் ஏழாம் மாதத்துப் பத்தாம் நாளான பாவநிவாரண நாள்தான் அடிப்படை என்றால், 1844இல் யூதர்கள் அதைச் செப்டம்பர் 23ஆம் நாள் அல்லவா அனுசரித்தார்கள்? அக்டோபர் 22 எங்கிருந்து வந்தது?

திருச்சபை வரலாறு எழுதியது:

முதலில் பாவநிவாரண நாள் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லேவியராகமம் 23இன் பண்டிகைகளில் வசந்தகாலத்தவை கிறிஸ்துவின் முதல் வருகையில் நிறைவேறின, ஏழாம் மாதத்தவை இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்ற சிந்தனையை மில்லரே 1843 மே மாதத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வெளியே வந்து மக்களை ஆசீர்வதிப்பதைப் போலக் கிறிஸ்து பரலோகத்திலிருந்து வெளிப்படுவார் என்று ஸ்நோ அதை நீட்டினார்.

நாளைக் குறிப்பதில் அவர்கள் ரபீக்களின் நாட்காட்டியை ஏற்கவில்லை. அந்த நாட்காட்டி நிலையான கணித விதிகளால் அமைந்தது. மோசேயின் சட்டத்தின்படி முதற்பலன் கதிர்க்கட்டைச் செலுத்த யூதேயாவில் வாற்கோதுமை விளைந்திருக்க வேண்டும் என்பதால், விளைச்சலைப் பார்த்தே ஆண்டைத் தொடங்க வேண்டும் என்ற, ரபீக்களின் மரபை ஏற்காத யூதப் பிரிவினரான காராயர்களின் முறையே வேதத்துக்கு ஏற்றது என்று கருதினார்கள். அம்முறையில் 1844இன் முதல் மாதம் ஓர் அமாவாசை பிந்தித் தொடங்கியது. ஏழாம் மாதத்தின் பத்தாம் நாளும் ஒரு மாதம் தள்ளி அக்டோபர் 22இல் விழுந்தது. மார்ச் 21க்குப் பதிலாக ஏப்ரல் 18ஐ ஆண்டின் முடிவாகச் சிலர் கொண்டதும் இதே காரணத்தால்தான்.

அக்டோபர் 22க்குப் பிறகு, புஷ் காட்டிய அந்தப் பிளவில்தான் இயக்கமும் பிரிந்தது. 1845 ஏப்ரலில் ஆல்பனியில் கூடிய மில்லர், அவருடைய இயக்கத்தின் முன்னணித் தலைவரான ஹைம்ஸ் முதலானோர், வருகை அண்மையில் உள்ளது என்பதைக் கைவிடாமல், குறித்த நாள் தவறு என்று முடிவு செய்தனர். இயக்கத்தைச் சேர்ந்த ஹைரம் எட்சன், குரோசியர் ஆகியோரின் வட்டம் நாள் சரியே என்று நின்றது. சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் மில்லர் கொண்டதுபோல இந்தப் பூமியல்ல, பரலோகத்தில் உள்ளது என்றும், கிறிஸ்து அன்று அங்கே தம் ஊழியத்தின் இறுதிக் கட்டத்தைத் தொடங்கினார் என்றும் குரோசியர் 1846இல் விரிவாக எழுதினார். 1863இல் அமைப்பாகத் திரண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை இந்த இரண்டாம் கிளையில் வளர்ந்தது.

சுழிய ஆண்டுச் சிக்கல் பின்னர் வேறொரு வழியிலும் திரும்பி வந்தது. மில்லரின் மரபில் வந்த நெல்சன் பார்பர், கி.மு. 606இலிருந்து 2520 ஆண்டுகளை எண்ணி 1914ஐ அடைந்தார். அவரிடமிருந்து அதைச் சார்ல்ஸ் டேஸ் ரஸல் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஓராண்டுக் குறை கவனத்துக்கு வந்தபோது, ரஸலின் வழிவந்த யெகோவாவின் சாட்சிகள் 1914ஐ அப்படியே வைத்துத் தொடக்கத்தைக் கி.மு. 607க்கு மாற்றினார்கள். ஸ்நோ செய்தது இதற்கு நேர்மாறானது: 457ஐ அசைக்காமல் முடிவை நகர்த்தினார். உங்கள் ஆய்வில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன்.