லீத் தெரு நீல மாளிகை: ஓவியத்தில் வீடு கோணலாக நிற்பது பிழையா?

மாலதி:
அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் நீர்வண்ண ஓவியம் ஒன்றை வாங்கினேன். ஜார்ஜ் டவுன் லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் சே மாளிகை அது என்று கடைக்காரர் சொன்னார். கையெழுத்தைப் படிக்க முடியவில்லை, ஆண்டும் குறிக்கப்படவில்லை. சுவரின் நீலம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் எதிர்வரிசை வீடுகள் சாலையை ஒட்டி நேராக நிற்க, மாளிகை மட்டும் சற்றே திரும்பி நிற்கிறது. ஓவியருக்குக் கணக்குத் தப்பிவிட்டதா? இது எந்தக் காலத்து ஓவியம் என்று ஊகிக்க வழி உண்டா?

பினாங்குவாசி:
வணக்கம் சகோதரி. ஓவியர் மீது பழி போட வேண்டாம்; வீடே அப்படித்தான் நிற்கிறது. ஃபெங் சுயி முறைப்படி திசை பார்த்து, தெருவின் கோட்டுக்கு ஒத்துப்போகாமல் கட்டினார்கள். நம்மவர்கள் மனையடி சாத்திரம் பார்த்து வாசல் வைப்பதை நினைத்துக்கொண்டால் வியப்பாக இராது. எதிரே உள்ள வரிசை வீடுகளும் மாளிகையைக் கட்டிய சியோங் ஃபாட் சே தம் பணியாளர்களுக்காகக் கட்டியவையே.

சியோங் ஃபாட் சே 1840இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்த ஹக்கா என்னும் சீன இனப்பிரிவினர். வெறுங்கையோடு பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வந்து வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். பினாங்கில் சீனாவை ஆண்ட சிங் அரசின் துணைத் தூதராகவும் இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுப்பிய இந்த வீட்டில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள். சீன வீட்டின் அமைப்புக்குள் ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண்களையும் இங்கிலாந்துத் தரை ஓடுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் பொருத்தியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது. நடுமுற்றத்தில் விழும் மழைநீர் செல்வத்தின் அடையாளம் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நீலமும் நமக்கு அந்நியமானதன்று. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்த வண்ணம் அது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காமல் வெளியேற விடுவதால், பினாங்கு மழைக்கு அது ஏற்றது.

சுண்ணாம்புக்காரர்:
காலத்தைப் பற்றி ஒரு கருத்து. 1916இல் அவர் இறந்தபோது டச்சு, பிரிட்டிஷ் அதிகாரிகள் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட ஆணையிட்டனர். அத்தகைய மனிதரின் வீடு, கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை விற்கக் கூடாது என்ற உயிலால், பராமரிப்பாரின்றிப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டுச் சிதைந்தது. அந்த மகன் 1989இல் காலமானதும், கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ உள்ளிட்ட பாதுகாப்பு ஆர்வலர்கள் 1990இல் அதை வாங்கிச் சீரமைத்தனர். 2000ஆம் ஆண்டில் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

ஆகவே கூரை முகட்டைப் பாருங்கள். வண்ணப் பீங்கான் கிண்ணங்களை நறுக்கி, சில்லு சில்லாக ஒட்டிச் செய்த பூக்களும் உருவங்களும் அங்கே உண்டு. அவை குறைவின்றி இருந்து, சுவரின் நீலமும் எங்கும் ஒரே சீராக இருந்தால், ஓவியம் சீரமைப்புக்குப் பிந்தையது என்பேன்.

பினாங்குவாசி:
அதை மட்டும் வைத்து முடிவு கட்ட நான் தயங்குவேன், ஐயா. இடிந்த வீட்டையும் முழுமையாக வரையும் ஓவியர்கள் உண்டு. பாசி படிந்த சுவரை வாங்கி மாட்டுவோர் குறைவு. தாளையும் சட்டத்தையும் பார்க்காமல் சொல்ல இயலாது.

மாலதி:
இருவருக்கும் நன்றி. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகட்டில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெளிவாக உள்ளன. ஆனால் இடப்பக்கச் சுவரின் அடியில் நீலத்தின்மேல் பழுப்புக் கறை ஓடுகிறது, வேண்டுமென்றே தீட்டியதுபோல. ஆகவே காலம் குறித்த வழக்கு இன்னும் தீரவில்லை. கோணல் விவகாரம் மட்டும் தீர்ந்துவிட்டது: வண்ணத்துக்கு அடியில் சாலைக்கு இணையாக ஒரு பென்சில் கோடு மங்கலாகத் தெரிகிறது. ஓவியர் முதலில் வீட்டை நேராகத்தான் வரைந்திருக்கிறார். பிறகு அழித்துவிட்டுத் திருப்பி வரைந்திருக்கிறார்.