புதுப்பிப்பு: வேகமும் பேட்டரியும், எந்த கர்னல்?

என் ஆண்ட்ராய்டு போனில் வேகத்துக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என இரண்டு கஸ்டம் கர்னல்களில் (கர்னல் என்பது போனின் வன்பொருளை இயக்கும் மைய மென்பொருள்; கஸ்டம் என்றால் பிறர் மாற்றியமைத்தது) எதைப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பேட்டரிக்கானதையே வைத்துக்கொண்டேன். ஓவர்கிளாக் செய்த, அதாவது ப்ராசஸரை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் கர்னலில் கேம் தொடக்கத்தில் பறக்கிறது. போன் சூடானதும் தெர்மல் கட்டுப்பாடு வேகத்தைக் குறைத்துவிடுகிறது, அப்புறம் என்ன பயன்? ப்ராசஸரின் அதிர்வெண் ஏறினால் மின்னழுத்தமும் ஏற வேண்டும். மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கடைசிக் கொஞ்சம் வேகத்துக்கு அவ்வளவு சார்ஜ் போவது அதனால்தான்.

கவர்னரை (ப்ராசஸர் வேகத்தை ஏற்றி இறக்கும் பகுதி) ஷெட்யூட்டில் (schedutil) என்ற வகையிலேயே விட்டுவிட்டேன். 2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்தது, பணிச்சுமையை, வேலைகளைப் பங்கிடும் ஷெட்யூலரிடமே கேட்டு வேகத்தை முடிவு செய்யும், எனக்கு அதுவே போதும். இரவில் சார்ஜ் இறங்கியதற்குக் காரணம் ஒரு ஆப்பின் வேக்லாக், அதாவது போனைத் தூங்கவிடாமல் பிடித்து வைப்பது. அந்த ஆப்பை நீக்கியதும் டீப் ஸ்லீப் (போனின் ஆழ்ந்த உறக்க நிலை) சரியாகிவிட்டது.

கர்னல் மாற்றுபவர்கள் தயவுசெய்து பழைய பூட் இமேஜை (கர்னல் அடங்கிய கோப்பு) முதலில் கணினியில் எடுத்து வையுங்கள்.