[கலைச்சொல்] பழைய ஸ்போர்ட்ஸ் கார், புதிய கான்செப்ட்: வழியுருவா, மீளுருவா?

ந.செ. எழுதியது:
அன்பின் குழுவினருக்கு, வாகன வடிவமைப்பு மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு வகைக்குப் பெயர் வேண்டும். நிறுவனங்கள் தம் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில், இன்றைய தொழில்நுட்பத்தோடு ஒரு கான்செப்ட் (யோசனையைக் காட்டுவதற்கான மாதிரிக் கார்) செய்து காட்டுகின்றன. லம்போர்கினி 2006-இல் காட்டிய மியூரா, ஹியுண்டாய் 2022-இல் காட்டிய ‘என் விஷன் 74’ (N Vision 74) போன்றவை. இப்படிச் செய்யலாமா கூடாதா என்று மாணவர்கள் இரு அணியாக வாதாடப் போகிறார்கள். அதனால் சொல் எந்த அணிக்கும் சாய்ந்துவிடக் கூடாது. இப்போதைக்கு ‘மறுபிறவிக் கார்’ என்று வைத்திருக்கிறேன்.

வே. எழுதியது:
அண்ணா, மறுபிறவிக்கு முதலில் ஒரு பிறவி வேண்டுமே! என் விஷன் 74-க்கு மூலமான ஹியுண்டாயின் போனி கூப்பே 1974 டூரின் கண்காட்சி மேடையைத் தாண்டவே இல்லை. விற்பனைக்கு வரவில்லை, மூல வண்டியும் தொலைந்துபோனது. அதை வரைந்த ஜுஜாரோவையே அழைத்து, 2023-இல் அதே வண்டியைத் திரும்பச் செய்து காட்டினார்கள். என் விஷன் 74 வேறு கதை. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல், பேட்டரி, ஐந்நூறு கிலோவாட்டுக்கு மேல் திறன். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வகுப்பில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பழைய பாணியை ரெட்ரோ என்கிறார்களே, ‘ரெட்ரோ கான்செப்ட்’ என்றே விடுங்களேன். கார் பார்க்கப் போகிற பையன் அதைத்தான் சொல்கிறான்.

இரா.க. எழுதியது:
தம்பி வே., தமிழெழுத்தில் எழுதிவிட்டால் ரெட்ரோ தமிழாகிவிடுமா? நம் இலக்கணத்திலேயே இதற்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். நூல் மூவகை: முதல், வழி, சார்பு. ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ அழியா மரபோடு வருவது வழிநூல் என்கிறது நன்னூல். ஆல்பின் ஏ110 என்ற பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பழையது 1962 முதல் 1977 வரை வந்தது. புதியது 2017-இல் ஜெனீவா கண்காட்சியில். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது முன்னோர் முடிபு. புதியதும் ஏறத்தாழ 1,100 கிலோதான். பழையதில் பின் அச்சுக்கும் பின்னால் இருந்த எஞ்சின், புதியதில் அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது. அது பின்னோன் வேண்டிய விகற்பம், அதாவது வேறுபாடு. ஆகவே ‘வழியுரு’.

இன்னொன்றும் கேளுங்கள். ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கி’ வருவது புடைநூல், அதாவது சார்புநூல். டொயோட்டாவும் பிஎம்டபிள்யூவும் கூட்டாகச் செய்த 2019 சுப்ரா காரை இதைவிடப் பொருத்தமாக எவர் சொல்லிவிட முடியும்? அதற்குப் ‘புடையுரு’. உரு என்பது தூய தமிழ். உருத்தல் என்றால் தோன்றுதல். வடமொழி ரூபமே நம் உருவிலிருந்து போனது என்பது என் நெடுநாள் துணிபு. அதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

சி.வ. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):
ஐயா, தனி மடல் அவசரமில்லை. ‘வழியுரு’ என்றால் இங்கே பிள்ளைகள் வீதி வரைபடம் என்றுதான் நினைப்பார்கள். கான்செப்டுக்கு எங்கள் பாடநூல்களில் ‘எண்ணக்கரு’ இருக்கிறது. நீங்கள் ‘கருத்துரு’ என்பீர்கள். ஆனால் உங்கள் அரசு அலுவலகங்களில் அது முன்மொழிவு அல்லவா? லம்போர்கினி எந்த இயக்குநருக்குக் கருத்துரு அனுப்பியது? ‘மீளெண்ணக்கரு’ என்று சேர்த்துப் பார்த்தேன், எனக்கே சொல்ல வரவில்லை.

வே. எழுதியது:
இரா.க. ஐயாவுக்கு ஒரு கேள்வி. மூல ஆசிரியரே மறுத்தால் அது வழிநூலா? லம்போர்கினி 1971-இல் ஜெனீவாவில் காட்டிய கவுன்டாஷ் காரை வரைந்தவர் கந்தீனி. 2021-இல் அதே பெயரில் புதியது வந்ததும், தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிக்கை விட்டார். ஒவ்வொரு காரும் முந்தையதை உடைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதே அவர் கொள்கை. நானும் அவர் கட்சிதான். பழைய கவுன்டாஷில் பன்னிரண்டு சிலிண்டர் வி12 எஞ்சின் நீளவாக்கில் கிடக்கும். கியர்பாக்ஸ் அதற்கு முன்னால், இருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டின் மேல் போர்த்திய தகடுதான் நாம் பார்த்து வாய்பிளந்த ஆப்பு வடிவம். 2021 வண்டியோ லம்போர்கினியின் இன்னொரு காரான சியானின் உடலுக்குப் பழைய முகம் வைத்தது. 112 பேருக்கு விற்றார்கள், அவ்வளவுதான். இதற்குச் சரியான சொல் ‘ஒப்பனை’.

ம.தே. எழுதியது:
வே. தம்பி, ந.செ. கேட்டது சாயாத சொல். ஒப்பனை என்று பெயர் வைத்தபின் எதிரணி எதற்கு? லம்போர்கினியே ஒரு பக்கம் நிற்கவில்லை. ரெட்ரோ எங்கள் வேலையல்ல என்று சொல்லி 2006-இல் மியூராவைக் கைவிட்ட விங்கல்மன்தான், 2021 கவுன்டாஷ் வந்தபோதும் தலைவர். ஆல்பினுக்கு வந்தால் நானே பேசாமல் வாங்கிக்கொள்வேன், பணம் இருந்தால். ‘மீட்டுரு’ எப்படி?

இரா.க. எழுதியது:
அம்மா, ‘மீட்டு’ வினையெச்சம். வினை கொண்டு முடிய வேண்டும். மீட்டுருவாக்கம் என்றால் பின்னால் ஆக்கம் வந்து காப்பாற்றும். மீட்டுரு பிழை. வேண்டுமானால் ‘மீட்புரு’.

வே. எழுதியது:
மீட்பு வண்டி என்றால் நெடுஞ்சாலையில் பழுதானதை இழுத்துப் போக வருவது ஐயா.

சி.வ. எழுதியது:
‘மீளுரு’ வினைத்தொகை. மீண்ட உரு, மீள்கின்ற உரு, மீளும் உரு, எதுவாகவும் கொள்ளலாம். ஹியுண்டாய் வண்டி தயாரிப்புக்கு வருமா வராதா என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ம.தே. எழுதியது:
எனக்குச் சம்மதம். தூங்கப் போகிறேன்.

ந.செ. எழுதியது:
சரி, குறிப்பில் ‘மீளுருக் கான்செப்ட்’ என்று போடுகிறேன். போனி கூப்பேயை அப்படியே திரும்பச் செய்ததற்கு ‘மறுபடைப்பு’. கான்செப்டுக்குத் தமிழ் இந்த வாரம் முடியாது.

இரா.க. எழுதியது:
‘மீள்’ பழையது அப்படியே திரும்பியது என்ற பொருளைத்தான் தரும். விகற்பத்துக்கு அதில் இடமில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வே. எழுதியது:
ஜாகுவாரை என்ன செய்வது? எடை குறைத்த இ-டைப் கார்கள் 18 செய்வதாக 1963-இல் எண் ஒதுக்கி, 12 மட்டும் செய்தார்கள். மிச்சம் ஆறையும் 2014-இல் அதே எண்களோடு கட்டத் தொடங்கினார்கள். இது மீளுருவுமில்லை, மறுபடைப்புமில்லை. ஐம்பது வருடம் தாமதமான டெலிவரி.

இரா.க. எழுதியது:
‘எச்சம்’. இலக்கணத்திலேயே இருக்கிறது.

வே. எழுதியது:
மரத்தடியில் நிறுத்திய கார் மேல் காக்கை போடுவதும் அதேதான் ஐயா.

ந.செ. எழுதியது:
அச்சகத்தில் கேட்கிறார்கள். ஜாகுவாரைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.