இந்தியும் உருதும் பேச்சில் ஒன்றா, இரண்டா?

ஷார்ஜா தமிழன்:
இரண்டும் வேறு வேறு மொழி என்று நேற்று லக்னோ சகோதரி எழுதியிருந்தார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் அறையில் இந்தி பேசும் கான்பூர்க்காரர் ஒருவர், உருது பேசும் லாகூர்க்காரர் ஒருவர். "கானா கா லியா?", "தன்கா மிலி?", "தோ தின் ஸே புகார் ஹை" என்று ராத்திரி வரை பேசுவார்கள். சாப்பாடு, சம்பளம், காய்ச்சல் எதிலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போய் நான் பார்த்ததில்லை.

லக்னோ மருமகள்:
அண்ணா, அது அறைத் தோழர்கள் பேச்சு. வீட்டுக்குள் வந்து கேளுங்கள். எங்கள் வீட்டில் சித்தி 'மௌஸி', அத்தை 'புவா'. பக்கத்து முஸ்லிம் வீட்டில் 'காலா', 'பூப்பி'. வணக்கம் சொல்வதும் வேறு. எல்லாம் ஒன்றுதான் என்று தேய்த்துவிட்டால் அந்த வீட்டுப் பேச்சுக்கு என்ன மரியாதை?

ஷார்ஜா தமிழன்:
ஒரு வீட்டில் அத்திம்பேர், அம்மாஞ்சி. இன்னொரு வீட்டில் வாப்பா, உம்மா. இரண்டும் தமிழ்தானே? மொழிக்கு எலும்பு வினைச்சொல்லும் வேற்றுமை உருபும். நம் 'உடைய' போல வரும் 'கா, கீ, கே' இருவருக்கும் ஒன்று. இரண்டுமே தில்லி வட்டாரப் பேச்சுவழக்கான கடீபோலியில் இருந்து வந்தவை.

மொழிப்பித்தன்:
பிரிவு பெரும்பாலும் எழுத்தில் வந்தது. 1800-ல் ஆங்கிலேயர் கல்கத்தாவில் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரி, இந்திக்கு நாகரி எழுத்தில் தனியாகவும் உருதுவுக்குப் பாரசீக எழுத்தில் தனியாகவும் உரைநடை நூல்களை எழுதவைத்தது. 1900-ல் வடமேற்கு மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) நீதிமன்றங்களில் நாகரிக்கும் இடம் கிடைத்தபோது சண்டை முற்றியது. இன்றும் இந்துக் கல்யாணப் பத்திரிகையில் 'விவாஹ்' என்று அச்சடிப்பார்கள். வாயில் வருவது 'ஷாதி', பாரசீகச் சொல்.

லக்னோ மருமகள்:
அந்த எழுத்துதான் பிள்ளைகள் வாய்க்கும் வந்துவிடுகிறது. பரப்பளவுக்கு என் மகன் 'க்ஷேத்ரஃபல்' என்கிறான். உருது வழியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் 'ரக்பா' என்கிறான். சேர்ந்து வீட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தவர்கள் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஷார்ஜா தமிழன்:
நீளத்தையும் அகலத்தையும் எப்படிச் சொன்னார்கள், சகோதரி?

லக்னோ மருமகள்:
'லம்பாயி', 'சௌடாயி'. இருவரும் அப்படித்தான். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரீட்சைத் தாளில் கேட்பது அந்த இன்னொரு சொல்லைத்தானே, அண்ணா.