கோடியக்கரைக் குதிரைகள் சோழர் குதிரைகளா?

உப்பளத்தான்:
கோடியக்கரையில் மேயும் குதிரைகள் சோழர் படைக் குதிரைகளின் வழிவந்த "காட்டுக்குதிரைகள்" என்று யாரோ எழுதியதைச் சோழநாடன் பெருமையோடு இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார். அவை மட்டக்குதிரைகள். மனிதர்கள் வளர்த்துக் கைவிட்டவை காட்டில் பெருகின, அவ்வளவுதான். 1967இல் அங்கே சரணாலயம் அமைந்தது வெளிமானுக்காக, குதிரைக்காக அன்று.

சோழநாடன்:
"நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்" என்று பட்டினப்பாலை பாடுகிறது. குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய சோழநாட்டுக் கரையில் இன்றும் குதிரை மேய்கிறது என்றால், அது வானத்திலிருந்தா குதித்தது? உப்பு வாரும் ஊரில் இலக்கியம் எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

உப்பளத்தான்:
அந்தப் பாட்டு பாடுவது காவிரிப்பூம்பட்டினத்தை, ஐயா. அங்கே இறங்கிய குதிரை கோடியக்கரைக்கு வந்து குட்டி போட்டதற்கு எந்த அடியில் சான்று இருக்கிறது? "நிமிர்பரி" என்கிறீர்களே, கோடைக்காலத்தில் ராமர் பாதத்துக்குப் போகும் வழியில் நான் பார்த்த குதிரை என் மார்பளவுகூட இல்லை. பிடரியில் ஒட்டுப்புல் சிக்கியிருக்க, முன்னங்காலால் மணலைப் பறித்து நீர் ஊறுகிறதா என்று முகர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஏறியா கங்கைவரை படை போயிற்று? மற்றபடி, வேதாரண்யத்துக்காரனிடம் உப்பை இளக்காரமாகப் பேச வேண்டாம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தது இந்த உப்புக்காகத்தான்.

பூநாரை:
யாருடைய குதிரையாக இருந்தாலும், அது தின்பது வெளிமான் தின்னும் அதே புல்லைத்தான். சீமைக்கருவேலம் பரவியதால் புல்வெளி ஏற்கெனவே சுருங்கிவிட்டது. அதைப் பற்றிப் பேசலாமே.

சோழநாடன்:
பறவை பார்க்க வருகிறவர்கள் பறவையோடு நிறுத்திக்கொள்ளலாம். 2004 ஆழிப்பேரலையில் இடிந்துபோன பழைய கலங்கரை விளக்கமும் சோழருடையது இல்லை என்று அடுத்ததாகச் சொல்வீர்கள்.

பூநாரை:
நான் புல்லைப் பற்றித்தான் எழுதினேன்.

உப்பளத்தான்:
கலங்கரை விளக்கத்தைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பதில் இல்லாதபோதெல்லாம் வேறு ஒன்றை இழுத்து வருவது உங்கள் வழக்கம். குழகர் கோயில் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். சுந்தரர் அந்தக் கோயிலுக்கு வந்து, கடற்காற்று வீசும் கரையில் இறைவன் துணையின்றித் தனியே இருக்கிறானே என்று நொந்து பாடினார். அந்தப் பதிகத்தில் குதிரை மந்தை எங்கே மேய்கிறது என்று காட்டுங்கள்.

சோழநாடன்:
பாடாததெல்லாம் இல்லாதது ஆகிவிடுமா? என் பதிவில் "காட்டுக்குதிரை" என்பது அப்படியே இருக்கும்.

உப்பளத்தான்:
இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதன் அடியில் "மட்டக்குதிரை" என்று நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.